கற்படுக்கை முதல் கோரைப்பாய் வரை

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். உணவின் சுவையைப் பற்றியும் உடையின் அழகைப் பற்றியும் நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நாம் கழிக்கின்ற உறங்கும் அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டால் எல்லா அறையும் ஒன்றுதானே என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இன்று நகரங்களில் படுக்கையறையை அழகு செய்வதற்குப் பல பாணிகள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று பொகீமியப் பாணி. செங்கல் நிறம், காவி, மஞ்சள் போன்ற கதகதப்பான வண்ணங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக விரித்த கைத்தறித் துணிகள், தரையில் பாய், சுவரில் சித்திரத்துணி, மூலையில் செடி, மங்கலான மஞ்சள் ஒளி. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பொருள்களாக இல்லாமல், பல இடங்களிலிருந்து பல காலங்களில் வந்து சேர்ந்த பொருள்களாக இருப்பதே இதன் இலக்கணம்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? குன்றாண்டார்கோவில் போன்ற ஒரு சிற்றூரில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் வீட்டில் இதனை எவ்வாறு கையாளலாம்? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இம்மூன்று கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

பெயர் வந்த வழி

பொகீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ரோமா மக்கள் அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிய பிரெஞ்சு மக்கள், அவர்களைப் பொகீமியர் என்று அழைத்தனர். உண்மையில் ரோமா மக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலார் நிறுவியுள்ளனர். தண்ணீரை இந்தியில் போலவே 'பானி' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வறுமையில் வாடிய ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இப்பெயர் சென்று சேர்ந்தது. நிலையான வருவாய் இன்றி, குளிர் தாங்காத மாடியறைகளில் கிடைத்த பழந்துணிகளைக் கொண்டு அவர்கள் வாழ்ந்தார்கள். அவ்வாழ்க்கையைக் கதைகளாக எழுதிய ஆன்ரி முர்ஜே 1851இல் அவற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலைத் தழுவிப் புச்சினி அமைத்த இசை நாடகம் 1896இல் இத்தாலியின் டூரின் நகரில் அரங்கேறி உலகப் புகழ் பெற்றது.

இதில் ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் கலைஞர்கள் பழந்துணி விரித்தது நாகரிகத்துக்காக அன்று. வேறு வழி இல்லாததால்தான். ஒருவருடைய இல்லாமை, காலம் கடந்தபின் மற்றொருவருடைய அலங்காரமாகிவிட்டது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

சோழமண்டலக் கரையின் படுக்கை விரிப்பு

பாரிஸ் ஓவியர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியப் படுக்கையறைகளை அழகு செய்தவை நம் சோழமண்டலக் கரையின் துணிகளே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இக்கரையிலிருந்து கப்பலேறிய சித்திர விரிப்புகளை ஆங்கிலேயர் 'பாலம்போர்' என்றனர். 'பலங்க்' என்றால் கட்டில்; 'போஷ்' என்றால் மூடும் துணி. கட்டில் விரிப்பு என்பதே அச்சொல்லின் பொருள். கிளை பரப்பிய ஒரு பெருமரமும் அதில் பூவும் பறவையும் நிறைந்த ஓவியமும் அவ்விரிப்புகளில் மிகுதியாகக் காணப்படும்.

அவற்றின் சிறப்பு, துவைத்தாலும் போகாத வண்ணத்தில் இருந்தது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். வெல்லத்தையும் துருவேறிய இரும்பையும் நீரில் பல நாள் ஊறவைத்துக் கிடைக்கும் கரைசலால் கறுப்புக் கோடுகளை வரைவர். சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைப் பூசுவர். பின்பு சாயவேர் இட்டுக் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை உறுதியாகப் பற்றிக்கொள்ளும். வேதியியல் நூல்கள் இன்று நிறமூன்றி என்று விளக்குவதை, நம் சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர்.

இத்துணிகளின் மீது ஐரோப்பியருக்கு இருந்த மோகம் அந்நாட்டு நெசவாளர்களை அச்சுறுத்தியது. பிரான்சு 1686இல் இவற்றைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கவும், 1721இல் பயன்பாட்டையே தடுக்கவும் சட்டம் இயற்றியது. தம் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒரு நாட்டின் பாராளுமன்றம் படுக்கை விரிப்பைப் பற்றிச் சட்டம் செய்தது என்றால், உறங்கும் அறை அற்பமான பொருள் ஆகுமா?

இக்கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. தஞ்சைப் பகுதியில் வளர்ந்த கருப்பூர்க் கலம்காரி இன்றும் சில குடும்பங்களின் கைகளில் வாழ்கிறது. கோயில் விதானங்களும் தேரில் தொங்கும் தொம்பைகளும் அவ்வகையில் வரையப்படுகின்றன.

நம் மாவட்டத்துப் படுக்கைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மிகப் பழைய படுக்கையறை எது என்று கேட்டால், சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் என்று தயங்காமல் கூறலாம். மலையின்மேல் இயற்கையாக அமைந்த அக்குகையில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைவைக்கும் இடம் தலையணைபோல் சற்றே உயர்ந்திருக்கும். பாறையை வழவழப்பாக இழைத்திருப்பார்கள். சமணத் துறவியர் தங்கிய இடம் அது. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அது சொல்லும் செய்தி எளிமையானது: இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு இன்னார் செய்தளித்த இருக்கை இது என்பதே. செய்தளித்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அதில் இருக்கின்றன. பொருள் ஒன்று, அதனால் பிணைக்கப்பட்ட மனிதர் இருவர்.

அதே சித்தன்னவாசலின் குடைவரைக் கோயிலில் முன்மண்டப விதானத்துத் தாமரைக் குளத்தை நம் மாணவர் அனைவரும் சுற்றுலாவில் கண்டிருப்பர். உள்ளறையின் விதானத்தை நிமிர்ந்து பார்த்தவர் குறைவு. அங்கே கரையும் கட்டமும் வட்டமும் கொண்ட ஒரு வண்ணக் கம்பளம் தீட்டப்பட்டிருக்கிறது. தரையில் விரிக்கும் விரிப்பைத் தலைக்குமேல் விரித்த அந்த ஓவியனுக்கு, ஓர் அறைக்குத் துணி தரும் நிறைவு என்ன என்பது நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊராகிய குன்றாண்டார்கோவிலுக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் குடையப்பட்ட சிவன் கோயில் இங்கு உள்ளது. அதன் முன்னே பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மண்டபம், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவில் கல்லால் ஆனது. அதன் அருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கல் தேருக்குத் துணி இல்லை. ஆனால் மரத்தேர் ஓடும் ஊர்களில் தேர்ச்சீலை கட்டாத தேர் உண்டா? சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்பு ஆகியவை அருகருகே நின்றும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் தேர்ச்சீலையில் பொருந்துகின்றன. வண்ணம் சேர்க்கும் கலையை நாம் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கற்க வேண்டிய தேவையில்லை என்பதற்கு அதுவே சான்று.

துறவியின் கற்படுக்கைக்கு நேர் எதிர் எல்லையில் நிற்பது நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டிமாதேவியின் படுக்கையறை. செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவரில் பூங்கொடி தீட்டப்பட்டிருக்கிறது. நாற்பது வயது நிரம்பிய யானையின் தந்தத்தால் கட்டிலின் கால்கள் ஆனவை. அன்னத்தின் மென்தூவி மெத்தையாகியிருக்கிறது. விதானத்தில் விண்மீன்களின் ஓவியம் உள்ளது. அத்தனையும் இருந்தும் அரசி உறங்கவில்லை. கணவன் போர்க்களத்தில் இருக்கிறான். பொருளால் மட்டும் ஓர் அறை நிறைவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

துறவி எல்லாவற்றையும் துறந்தார். அரசிக்கு எல்லாம் இருந்தன. நாம் இருவருக்கும் நடுவில் இருப்பவர்கள். நமக்கு ஏற்ற அறை எது?

எங்கள் வீட்டு அறை

எங்கள் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் படுக்கையறை என்று தனியே ஒன்று இல்லை. பகலில் புழங்கும் கூடமே இரவில் உறங்கும் இடம். விடிந்ததும் பாயைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டால் படுக்கையறை மறைந்துவிடும். எங்கள் வீட்டிலும் நிலைமை அதுவே. கூடத்தை அடுத்த சிறிய அறையில் நெல் மூட்டைகளும் உடைந்த தட்டுமுட்டுச் சாமான்களும் கிடந்தன.

சென்ற ஆண்டு என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. அவளுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஓர் அறை வேண்டும். மூட்டைகளை வெளியேற்றி அந்த அறையை ஒழுங்கு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. கட்டில் வாங்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. பிள்ளைத்தாய்ச்சி தரையிலிருந்து எழுவது கடினம். கட்டில் போக மீதி இருந்த பணம் மிகக் குறைவு. வீட்டில் இருப்பவற்றைக் கொண்டும் கைத்தறிப் பொருள்களைக் கொண்டும் அறையை அமைக்கலாம் என்று நான் சொன்னேன்.

அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பாயில கெடந்து நாங்க வளந்தது போதாதாப்பா? ஊரெல்லாம் மெத்தை, பீரோன்னு வாங்குறாங்க. நாம பழைய சேலையத் தச்சு விரிச்சா, புள்ளையப் பாக்க வர்ற சம்பந்தி வீட்டுக்காரங்க என்னப்பா நெனப்பாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. நகரத்தில் வசதியுள்ளவர் கோரைப்பாயை விரித்தால் அது ரசனை. நம் வீட்டில் விரித்தால் அது வறுமை. மேலே பாரிஸ் ஓவியர்களைப் பற்றி நான் சொன்னது இதனால்தான். வறுமையால் பழந்துணி விரித்தவரும், அழகுக்காக விரிப்பவரும் ஒரே செயலைச் செய்வதில்லை. அவர்களைப் பிரிப்பது துணி அன்று, தேர்ந்தெடுக்கும் உரிமை. வேறு வழி இல்லாமல் ஏற்றதையே, அதன் தகுதியை உணர்ந்து நாமே தேர்ந்துகொண்டால், அதில் தாழ்வு ஏது? அம்மாவிடம் இதை இத்தனை சொற்களில் சொல்லவில்லை. "நல்ல சேலையா நீங்களே பாத்து எடுத்துக் கொடுங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து அவர் எடுக்கத் தொடங்கிய பிறகு வேலை என் கையை விட்டு அவர் கைக்குப் போய்விட்டது.

செய்முறையும் காரணமும்

அவ்வறையில் செய்தவற்றையும் அவற்றின் காரணங்களையும் பிறருக்குப் பயன்படும் வகையில் தொகுத்துத் தருகிறேன்.

சுவர்: வெள்ளைச் சுண்ணாம்பில் சிறிது மஞ்சள் காவி கலந்து அடித்தோம். முழு வெள்ளை விளக்கொளியில் கண்ணைக் கூசும். அடர்ந்த நிறமோ சிறிய அறையை மேலும் சிறிதாகக் காட்டும். வெளிர்ந்த காவி இரண்டுக்கும் நடுவானது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது என்பது கூடுதல் நன்மை.

வண்ணம்: மூன்று வண்ணங்கள் போதும். ஒன்று அறை முழுதும் பரவ வேண்டும். இரண்டாவது அதில் பாதி அளவு. மூன்றாவது பொட்டு வைத்தாற்போல் ஆங்காங்கே. நாங்கள் காவியைப் பரவவிட்டோம். அரக்குச் சிவப்பை விரிப்பில் வைத்தோம். நீலத்தைத் தலையணை உறையில் மட்டும் வைத்தோம். வேறுபட்ட பூவேலைகளைச் சேர்க்கும்போது ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்து, இரண்டிலும் ஒரு வண்ணமாவது பொதுவாக இருந்தால் உறுத்தாது.

தரை: முசிறிப் பகுதியில் விளையும் கோரையில் நெய்த பாயை விரித்தோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் இன்னும் மெல்லியது, பட்டுப்போல் மடியும், விலையும் அதற்கேற்ப மிகும். குளிர்நாட்டுப் பொகீமிய அறையில் தடித்த கம்பளத்தைப் பரப்புவார்கள். நம் வெயிலுக்கு அது ஒவ்வாது. வெப்பத்தையும் தூசியையும் பிடித்து வைக்கும். கோரையின் இடையே காற்று புகும். ஈரத் துணியால் துடைக்கலாம். வாரம் ஒரு முறை வெயில் காட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதை மறக்கலாகாது. பாயின்மேல் பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துப் போட்டோம். அதன் அகன்ற வண்ணப் பட்டைகளே அறைக்குப் போதிய அலங்காரம்.

விரிப்பு: பழைய பருத்திச் சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, நெருக்கமான ஓட்டுத்தையல் போட்டோம். வங்காளத்தில் காந்தா என்று இதையே புகழ்பெற்ற கலையாக வளர்த்திருக்கிறார்கள். பலமுறை துவைத்த பருத்தி மிக மென்மையானது. பச்சைக் குழந்தையின் மேனிக்கும் உறுத்தாது. நைலான் கலந்த சேலையைச் சேர்க்கக் கூடாது; அது வியர்வையை உறிஞ்சாது. தலையணைக்கு இலவம்பஞ்சு நல்லது.

ஒளி: விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 2700 கெல்வின் என்றால் மஞ்சள் ஒளி. 6500 என்றால் நீலம் தோய்ந்த வெள்ளை ஒளி. உறங்கும் அறைக்கு முன்னது ஏற்றது. அந்தச் சிறு மாற்றமே அறையின் தன்மையை மாற்றிவிடும். துணி மிகுந்த அறையில் திறந்த சுடர் விளக்கு மட்டும் கூடவே கூடாது.

பிற பொருள்கள்: மருந்தையும் குழந்தைத் துணியையும் வைக்கச் செட்டிநாட்டுப் பக்கத்தில் முடையும் பனையோலைக் கொட்டான்கள் உதவின. மண்பானை ஒன்றில் மணி பிளான்ட் கொடியை மண்ணிலேயே நட்டோம். தண்ணீரில் வளர்த்தால் அந்நீர் கொசு முட்டையிடும் இடமாகிவிடும். சன்னல் எப்போதும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டோம். காற்றோட்டத்தை மறைக்கும் அலங்காரம் அலங்காரம் ஆகாது.

அக்கா வந்த அன்று விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "இது அம்மா என் காதுகுத்துக்குக் கட்டுனது. இது அப்பாயி சேலை. இந்தக் கட்டம் போட்டது, நான் காலேஜ் சேந்தப்ப எடுத்தது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்னர்ச் சம்பந்தி வீட்டார் வந்தபோது, அதே கதையை அம்மா தாமே முன்வந்து அவர்களுக்குச் சொன்னார். அந்த வீட்டம்மாளோ தையலைப் புரட்டிப் பார்த்து, எத்தனை நாளில் முடிந்தது என்று கேட்டார். குழந்தை அதன்மேல் உறங்கிக்கொண்டிருந்தது.

நெய்பவர் நிலை

அழகைப் பேசிவிட்டு நெய்பவரைப் பேசாமல் விடுவது நன்றாகாது. 2009-10இல் எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இத்தொழிலில் இருந்தோர் 43.31 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் அவ்வெண் 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கின்றனர்.

இவர்களைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில பொருள்களைக் கைத்தறிக்கே உரியன என்று ஒதுக்கியது. சேலை, வேட்டி ஆகியவற்றோடு படுக்கை விரிப்பும் ஜமக்காளமும் அப்பட்டியலில் உண்டு. ஆயினும் விசைத்தறியில் நெய்த போலி ஜமக்காளங்கள் குறைந்த விலையில் சந்தைக்கு வருகின்றன. கண்ணால் பார்த்து வேறுபாடு அறிவது வாங்குவோருக்கு எளிதன்று. கைத்தறிக் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களில், கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது ஒன்றே நம்மால் இயன்ற வழி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தம் நெசவாளருக்காக நம் துணியைத் தடுத்தார்கள் ஐரோப்பியர். நம் நெசவாளருக்காக நாம் எவர் துணியையும் தடுக்க வேண்டியதில்லை. அறிந்து வாங்கினாலே போதும்.

முடிவுரை

பொகீமியப் பாணி என்பது பெயரால் அயலானது. பொருளால் நமக்குப் பழக்கமானது. அதன் விரிப்பு நம் கடற்கரையிலிருந்து போனது. அதன் வண்ணம் நம் தேர்ச்சீலையில் உள்ளது. அதன் பாய் நம் பரணில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாகரிகம் என்று சொல்லி அதனை இருமடங்கு விலைக்கு வாங்குவதும் வேண்டா. வறுமையின் சின்னம் என்று சொல்லி வீட்டை விட்டு எறிவதும் வேண்டா.

சித்தன்னவாசல் கற்படுக்கையில் செய்தளித்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் பொறித்திருப்பதை மேலே குறிப்பிட்டேன். நம் அறையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் யார் செய்தார், யார் தந்தார், யாருக்காக வைத்திருக்கிறோம் என்று நம்மால் சொல்ல முடிந்தால், அந்த அறையில் கதகதப்பு தானே வந்து தங்கும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவ நண்பர்கள் தம் வீட்டுப் பரணையும் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.